விருந்துக்கு முந்திய நாட்கள்

‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள்களுள் ஒன்று. இல்லத்திற்குப் புதியவராய் வருபவரை அச்சொல் குறித்தது. நாளடைவில் அவர்க்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. வருபவர் புதியவர், இலையில் இடும் சோறும் கறியும் அன்று புதிதாகச் சமைத்தவை. ஆயினும், அந்தப் புதுமைக்குப் பின்னே பல நாளைய உழைப்பு மறைந்து நிற்கின்றது. அவ்வுழைப்பை முறைப்படுத்திக் கொண்ட இல்லத்தில் விழா நாள் மகிழ்ச்சி தருகின்றது. முறைப்படுத்தாத இல்லத்திலோ அதே விழா சுமையாகி விடுகின்றது.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல் பற்றியது. அதன் பத்துக் குறட்பாக்களிலும் உணவு வகைகளின் பட்டியல் ஓரிடத்தும் இல்லை. ஆனால், விருந்தளிப்பவரின் முகம் இரண்டு இடங்களில் பேசப்படுகின்றது. முகமலர்ச்சியோடு விருந்தினரைப் பேணுபவரை ஒரு குறள் போற்றுகின்றது. முகம் மாறுபட்டு நோக்கினால் விருந்தினர் உள்ளம் வாடும் என்று மற்றொரு குறள் எச்சரிக்கின்றது. உணவினும் முகமே முதன்மையானது என்பது இதனால் விளங்கும்.

களைத்துச் சோர்ந்த உடலில் முகமலர்ச்சி நெடுநேரம் தங்காது. இவ்வுண்மையைத் தீபாவளி நாளில் இரண்டு இல்லங்களை ஒப்பிட்டு நோக்கினால் அறியலாம். ஓர் இல்லத்தில் தலைவி விடியற்காலை மூன்று மணிக்கே எழுகின்றாள். மாவு அரைத்தல், பாகு காய்ச்சுதல், பலகாரம் சுடுதல் ஆகிய யாவும் அன்றே நிகழ்கின்றன. ஒன்பது மணிக்கு உறவினர் வருகின்றனர். “வாருங்கள், இதோ வந்துவிட்டேன்” என்னும் குரல் மட்டும் அடுக்களையிலிருந்து கேட்கின்றது. எண்ணெய்ச் சட்டியை விட்டு அவளால் நகர இயலவில்லை. உறவினர் விடைபெறும் வேளையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாயிலுக்கு வருகின்றாள். அவள் உண்ண அமரும்போது பொழுது சாய்ந்துவிடுகின்றது, சோறும் ஆறிவிடுகின்றது. வந்தவர் அனைவரும் உண்டனர். ஆனால், அவளோடு ஒருவரும் பேசவில்லை.

மற்றோர் இல்லத்திலும் அதே பலகாரங்கள் உள்ளன. அவை மூன்று நாட்களுக்கு முன்னரே செய்யப்பட்டுத் தகரப் பெட்டிகளில் அடங்கி இருக்கின்றன. விருந்தினர் வந்ததும் தலைவி அவர்களோடு கூடத்தில் அமர்கின்றாள், நலம் உசாவுகின்றாள், குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைத்து மடியில் இருத்திக் கொள்கின்றாள். இவ்வில்லத்தார் முன்னவரினும் செல்வம் மிக்கவர் அல்லர். இவர்களுக்கு ஏவலாளரும் இலர். வேலையின் அளவும் இரண்டு இல்லங்களிலும் ஒன்றே. அவ்வேலையை ஒரு நாளிலேயே குவித்ததும் பல நாட்களில் பகிர்ந்ததுமே வேற்றுமை.

தீபாவளிக்குரிய முன்னேற்பாடு, உண்மையில், கோடையிலேயே தொடங்கிவிடுகின்றது. தீபாவளி பெரும்பாலும் ஐப்பசித் திங்களில் வருவது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் அதுவே. அப்போது வானம் மூடியிருக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். மிளகாயோ அரிசியோ அந்நாட்களில் நன்கு உலர்வதில்லை. ஆதலால், வெயில் மிகுந்த பங்குனி, சித்திரைத் திங்கள்களிலேயே தமிழ்நாட்டு இல்லத்தார் ஆண்டு முழுமைக்கும் வேண்டும் பொருள்களைச் சேமித்து வைப்பர். புதுப்புளியைக் கொட்டை நீக்கி, உப்பிட்டுப் பானையில் அடைப்பர். மிளகாயையும் மல்லியையும் காயவைப்பர். அரிசிக் கூழிலும் சவ்வரிசிக் கூழிலும் வடகம் பிழிந்து மாடியில் உலர்த்துவர். சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் மோரில் ஊறவைத்து வற்றலாக்குவர். சிறு மாங்காய்களை உப்பிலிட்டு மாவடுவாக்குவர். மழை பொழியும் ஐப்பசியில் விருந்தினர் இலையில் வடகம் பொரிந்து வந்து விழுகின்றதென்றால், சித்திரை வெயிலே அங்கு வந்து பயன்படுகின்றது எனலாம்.

உணவுப் பொருள் சில நாட்களில் கெடுவதும் பல திங்கள் கெடாதிருப்பதும் எதனால் என்பதை அறிந்தவரே எதனை முன்னர்ச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்று பகுத்துணர வல்லவர். உணவைக் கெடுப்பவற்றுள் முதன்மையானவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். அவை வளர்வதற்கு நீர் இன்றியமையாதது. வடகத்தில் உள்ள நீரை வெயில் போக்கிவிடுகின்றது. முறுக்கில் உள்ள நீரைக் கொதிக்கும் எண்ணெய் போக்கிவிடுகின்றது. ஊறுகாயில் நீர் இருப்பினும், உப்பு அந்நீரைத் தன்பால் பிணித்துக் கொள்கின்றது. காயின் புளிப்பும் அதற்குத் துணை செய்கின்றது. இனிப்பில் அவ்வேலையைச் சருக்கரையும் வெல்லமும் செய்கின்றன. பழனிப் பஞ்சாமிர்தம் இதற்குச் சிறந்த சான்று. வாழைப்பழம், சருக்கரை, பேரீச்சம்பழம், தேன், நெய் முதலியவற்றை நீர் சேர்க்காமல் பிசைந்து செய்வதால் அது பல நாள் கெடாதிருக்கின்றது. அதற்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

தீபாவளிப் பலகாரங்களுள் முறுக்கு எளியது. ஆயினும் கவனத்தை வேண்டுவது. நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்தரைத்த உளுத்தமாவு சேர்ப்பது பலரும் கையாளும் அளவு. வெண்ணெய் மிகுந்தால் முறுக்கு எண்ணெயிலேயே உதிரும். குறைந்தால் பல்லுக்கு எட்டாத கடினமாகும். மாவில் ஒரு சிறு துளியை எண்ணெயில் இட்டால் அது உடனே மேலெழ வேண்டும். அதுவே எண்ணெய் காய்ந்ததற்கு அடையாளம். முறுக்கை இட்டவுடன் எழும் சலசலப்பு, மாவில் உள்ள நீர் ஆவியாய் வெளியேறும் ஓசையாகும். அவ்வோசை அடங்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். ஓசை அடங்குமுன் எடுத்த முறுக்கில் ஈரம் எஞ்சியிருக்கும். அது மறுநாளே நமுத்துப் போகும். எடுத்த முறுக்கை நன்கு ஆறவிட்ட பின்னரே பெட்டியில் இடவேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து நீராகி, அத்தனை உழைப்பையும் வீணாக்கிவிடும். பெட்டியைக் காற்றும் வெளிச்சமும் புகாதபடி வைத்தால் எண்ணெய்ச் சிக்கு நாற்றமும் விரைவில் தோன்றாது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மணப்பாறையில் செய்யப்பெறும் முறுக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அடுக்களையின் ஓர் எளிய பண்டமும் கைப்பழக்கத்தால் ஊருக்குப் புகழ் தேடித் தருகின்றது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

அதிரசமோ முன்னேற்பாடு இன்றிச் செய்யவே இயலாத பலகாரம். பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் பரப்ப வேண்டும். கையில் எடுத்தால் ஈரம் சற்றே உணரும் பதத்தில் அதனை இடித்துச் சலித்துக் கொள்ள வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்னும் அளவில் பாகு காய்ச்சுவர். பாகின் ஒரு துளியைத் தண்ணீரில் இட்டு விரலால் திரட்டினால் மென்மையாய் உருண்டு வரவேண்டும். அப்பதத்தில் அடுப்பிலிருந்து இறக்கி, ஏலமும் சுக்கும் சேர்த்து, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். இவ்வாறு கிளறிய மாவை அன்றே சுடுவதில்லை. ஒரு நாளேனும் மூடி வைத்தால்தான் மாவு பாகை நன்கு உறிஞ்சி, வட்டமாகத் தட்டும் பதத்தை அடையும். இடையே அதற்கு வேண்டுவது காலம் ஒன்றே. விரைவு எத்துணை இருப்பினும், பணம் எத்துணை செலவிடினும், அந்த ஒரு நாளைச் சுருக்க முடியாது. பொறுமையுடையவர்க்கே அதிரசம் வாய்க்கும் என்று பாட்டிமார் கூறுவதன் உண்மை இதுவே.

எல்லாவற்றையும் முன்னரே செய்துவிடலாம் என்று எண்ணுவதும் பிழையே. தேங்காய்த் துவையலும் சட்னியும் நீரும் கொழுப்பும் உடையவை. அவை விரைவில் கெடும். சோறு, பருப்பு, குழம்பு, பால் சேர்ந்த பாயசம் ஆகியனவும் அத்தகையனவே. 5 முதல் 60 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பநிலையில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். ஆதலின், சமைத்த ஈர உணவை அறையின் வெப்பநிலையில் 2 மணி நேரத்திற்குமேல் வைத்திருத்தல் தகாது என்பர் உணவு நலம் அறிந்தோர். மிஞ்சியதை விரைவில் ஆறச்செய்து, அகன்ற சிறு பாத்திரங்களில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும். கெட்ட உணவை மீண்டும் கொதிக்க வைத்தால் தூய்மையாகிவிடும் என்று சிலர் நம்புகின்றனர். அது தவறு, நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நச்சுப் பொருள்களுள் சில கொதிநிலையிலும் அழியாதவை. சோற்றில் தோன்றும் ஒருவகை நஞ்சு அத்தகையது. விருந்தினரின் நாவுக்கு இன்பம் அளித்து வயிற்றுக்குத் துன்பம் அளிப்பது விருந்தோம்பல் ஆகாது.

அன்றே சமைக்க வேண்டியவற்றுக்கும் பாதி வேலையை முன்னாளில் முடித்துக் கொள்ளலாம். பருப்பையும் அரிசியையும் கல் நீக்கி அளந்து வைக்கலாம். குழம்புப் பொடியை அரைத்து வைக்கலாம். புளியை இரவே ஊறப்போடலாம். காலைச் சிற்றுண்டிக்குரிய இட்டலி மாவை முதல் நாளே அரைத்தல் வேண்டும். வெம்மை மிகுந்த நாட்களில் எட்டு மணி நேரத்தில் புளிக்கும் மாவு, மழைக்காலத்தில் மேலும் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே தீபாவளி மாவை மாலையில் அரையாமல் நண்பகலிலேயே அரைத்து வைப்பது நன்று. பாத்திரத்தில் பாதியளவே மாவை ஊற்றினால் பொங்கி வழியாது.

இவை அனைத்திற்கும் தலைமையானது திட்டமிடுதல். பத்து நாட்களுக்கு முன் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக்கொண்டால் போதும்: வருபவர் எத்தனை பேர், சமைப்பவை எவை, அவற்றுள் எது எந்நாளில் செய்யத்தக்கது. ஒருவர்க்குச் சற்றேறக்குறைய 100 முதல் 125 கிராம் அரிசி என்று கணக்கிட்டால் பத்துப் பேருக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வேண்டியதில்லை. கணக்கின்றிச் சமைப்பவர், பற்றாக்குறை வந்துவிடுமோ என்னும் அச்சத்தால் இருமடங்கு சமைப்பர். பின்னர் மிஞ்சியதைக் கண்டு வருந்துவர். உழவரின் உழைப்பும் அடுக்களையில் நின்றவரின் உழைப்பும் ஒருங்கே பாழாகும். எட்டு வகைப் பலகாரம் செய்ய எண்ணிக் களைப்பதினும், மூன்று வகையைச் செம்மையாகச் செய்வது சிறப்பு.

அத்தாளில் நான்காவது செய்தி ஒன்றும் இடம்பெறுதல் வேண்டும். ஒவ்வொரு வேலையையும் செய்பவர் யார் என்பதே அது. பல இல்லங்களில் அவ்விடம் எழுதப்படாமலே இருக்கின்றது. ஏனெனில், விடை அன்னை ஒருத்தியே என்று அனைவரும் கருதி விடுகின்றனர். கடைக்குச் சென்று பொருள் வாங்குதல் தந்தைக்கு உரியதாகலாம். மாவைச் சலித்தலும் முறுக்குப் பிழிதலும் வலிமை மிக்க இளைஞர்க்கு ஏற்றவை. பெட்டிகளைக் கழுவித் துடைத்து வெயில் தோன்றும் வேளையில் காயவைத்தலையும், ஏலத்தை உரித்தலையும், முந்திரியை உடைத்தலையும் சிறுவர் செய்யலாம். மகனும் மகளும் வேறுபாடின்றி அடுக்களைப் பணியைக் கற்றல் நன்று. உண்பவர் அனைவர்க்கும் உரிய விழாவில் உழைப்பும் அனைவர்க்கும் உரியதாதலே அறம்.

முன்கூட்டிச் செய்தலால் மற்றொரு நன்மையும் உண்டு. விபத்துக்கள் பல, விரைவினாலேயே நேர்கின்றன. வாயிலில் விருந்தினர் குரல், மடியில் குழந்தையின் அழுகை, அடுப்பில் கொதிக்கும் எண்ணெய் என மூன்றும் ஒன்றுகூடும் வேளை இடர் நிறைந்தது. அமைதியான ஒரு பிற்பகலில் பலகாரம் சுடுபவர்க்கு அவ்விடர் குறைவு. எண்ணெயைச் சட்டியின் பாதிக்குமேல் ஊற்றலாகாது. சிறுவரை அடுப்பருகில் விடுதலும் தளர்ந்து தொங்கும் ஆடையுடன் அடுப்பருகே நிற்றலும் கூடா. எண்ணெயில் தீப்பற்றினால் அதன்மேல் ஒருபோதும் தண்ணீர் ஊற்றுதல் கூடாது. நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் சிதறச் செய்யும். அடுப்பை அணைத்து, சட்டியின் வாயை மூடியால் மூடிவிட்டால் காற்றின்றித் தீ அவிந்துவிடும்.

இவ்வாறு முன்னேற்பாடு செய்த இல்லத்தில் தீபாவளிப் பொழுது அமைதியாக விடிகின்றது. இருள் பிரியுமுன் எண்ணெய் நீராட்டு நிகழ்கின்றது. பின்னர்ச் சுக்கும் மிளகும் ஓமமும் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய இலேகியம் ஒரு சிறு உருண்டை அளிக்கப்படுகின்றது. அதுவும் முதல் நாளே கிளறி வைத்ததுதான். இட்டலி வெந்து கொண்டிருக்கும் வேளையிலேயே பெட்டிகள் திறக்கப்படுகின்றன; தட்டுகளில் பலகாரங்கள் அடுக்கப்பட்டு அண்டை வீடுகளுக்குச் செல்கின்றன. தமிழ்நாட்டுத் தெருக்களில் அத்தட்டுகள் சமய வேறுபாடு பார்ப்பதில்லை. தீபாவளிக்கு அதிரசம் சென்ற இல்லத்திலிருந்து ரம்சான் நாளில் பிரியாணியும், கிறிஸ்துமசு நாளில் கேக்கும் திரும்பி வருகின்றன. தட்டைத் திருப்பித் தருவோர் அதனை வெறுமையாகத் தருவதில்லை. ஒரு பிடி சருக்கரையேனும் இட்டுத் தருவது பல இல்லங்களின் வழக்கம். அண்டை வீட்டுக்குரிய பங்கையும் கணக்கில் சேர்த்துத் திட்டமிடுவோரே விழாவின் பொருளை உணர்ந்தோர்.

முன்னறிவிப்பு இன்றி வரும் விருந்தினரும் உண்டு. விழா முடிந்து மூன்றாம் நாள், மழையில் நனைந்தபடி தொலைவூரிலிருந்து ஒரு முதியவர் வருகின்றார் எனக் கொள்வோம். அவர்க்கு உடனே அளிக்கத் தகரப் பெட்டியில் முறுக்கு இருக்கின்றது. சோறு வடிக்கும் சிறு பொழுதில் பொரிக்க வடகம் இருக்கின்றது. தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருக்கின்றது. இல்லத்தாரின் முகத்தில் திகைப்புத் தோன்றவில்லை. தம் வரவு இவர்கட்குத் தொல்லையாயிற்றோ என்னும் ஐயம் அம்முதியவர் உள்ளத்திலும் எழவில்லை. ஒரு மனிதர் மற்றொரு மனிதர்க்கு அளிக்கத்தக்க மதிப்புக்களுள் இதனினும் உயர்ந்தது அரிது.

முன்னேற்பாடு என்பது உணவைச் சேமிக்கும் கலை மட்டுமன்று. அது பிறர்க்கென நேரத்தைச் சேமிக்கும் கலையுமாகும். சித்திரையில் உலர்த்திய வடகமும், ஒரு நாள் காத்திருந்த அதிரச மாவும், முதல் நாளே ஊறிய புளியும் விழா நாளின் சில மணி நேரத்தை மீட்டுத் தருகின்றன. அந்நேரத்தில் அடுக்களையில் நின்றவர் வெளியே வந்து, விருந்தினரோடு ஒரே பந்தியில் அமர்ந்து, சூடு ஆறாத உணவை உண்ணுகின்றார். அவர் முகமும் மலர்கின்றது. அம்மலர்ச்சியைக் கண்ட விருந்தினர் உள்ளமும் நிறைகின்றது.